பம்புகளை அரிக்கும் நீராவிக் குமிழ்கள்

புதுதில்லி: ஏற்று நீர்ப்பாசனம், அனல் மின்நிலையம் என அரசுப் பணம் செலவாகும் இடங்களிலெல்லாம் பெரும் பம்புகள் இயங்குகின்றன. அவற்றின் ஆயுளைக் குறைப்பவை சின்னஞ்சிறு நீராவிக் குமிழ்கள்.

உறிஞ்சு பகுதியில் அழுத்தம், காற்றழுத்தத்தில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்காகச் சரிந்தால், 20 டிகிரி செல்சியஸிலேயே நீர் ஆவியாகும். அழுத்தம் மிகுந்த இடத்தை அடைந்ததும் குமிழ்கள் நொறுங்கி, உலோகத்தைக் குழிகுழியாக அரிக்கும். இதுவே 'கேவிடேஷன்'. குழாய் வளைவுகளில் எழும் கொந்தளிப்பான ஓட்டம் இதைத் தீவிரமாக்கும்.

மத்திய கனரகத் தொழில் அமைச்சகத்தின் கீழ் பாலக்காட்டில் இயங்கும் பாய்மக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் பம்புகளைப் பரிசோதிக்கிறது. உறிஞ்சழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, நீரேற்றும் உயரம் 3 சதவீதம் சரியும் புள்ளியை அளப்பதே வழக்கமான சோதனை.

ஆனால், அரிப்பு அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஆகவே, அந்த அளவுக்கு மேல் போதிய இடைவெளி விட்டுப் பம்புகளை நிறுவுவதே மக்கள் பணத்துக்குப் பாதுகாப்பு.