எண்பத்தொன்பதில் தொடங்கிய ஓட்டம்

பஞ்சாப் மாநிலத்தில், ஜலந்தரிலிருந்து பதான்கோட் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிற்றூர் பியாஸ் பிண்ட். அவ்வூரின் உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்த ஃபௌஜா சிங், 2025 ஜூலை 14 அன்று தமது 114ஆம் வயதில் காலமானார். நூறு வயதில் மாரத்தான் ஓடி முடித்தவர் என்று உலக நாளிதழ்கள் அவரை நினைவுகூர்ந்தன. அது உண்மையே. ஆயினும் அந்த ஓட்டத்தின் தொடக்கம் ஒரு தந்தையின் துயரத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவருடைய கதை முழுமை பெறும்.

குழந்தைப் பருவத்தில் ஐந்து வயது வரை அவரால் நடக்க இயலவில்லை. கால்கள் மெலிந்து வலுவற்றிருந்தன. பஞ்சாபியில் கம்பைக் குறிக்கும் ‘டண்டா’ என்னும் சொல்லால் ஊர்ப்பிள்ளைகள் அவரைக் கேலி செய்தார்கள். பள்ளிக் கல்வி கிட்டவில்லை. எழுதப் படிக்க அவர் கடைசி வரை கற்றுக்கொள்ளவும் இல்லை. வளர்ந்தபின் நிலமே அவருடைய உலகமாயிற்று. ஞான் கவுர் என்னும் பெண்மணியை மணந்து, பிள்ளைகளைப் பெற்று, உழுது பயிரிட்டு அவர்களை வளர்த்தார். இளமையில் ஓட்டத்தில் அவருக்கு விருப்பம் இருந்ததுண்டு. குடும்பப் பொறுப்புகளுக்கிடையே அது நின்றுபோயிற்று. பிள்ளைகளுள் சிலர் பின்னர் வெளிநாடுகளில் குடியேறினர். எண்பது வயது வரை அவருடைய வாழ்க்கை பஞ்சாபின் எத்தனையோ உழவர்களின் வாழ்க்கையைப் போன்றதுதான்.

அதன் பிறகு இழப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூத்த மகள் பிரசவத்தை ஒட்டிய உடல்நலக் குறைவால் மறைந்தார். 1992இல் மனைவி காலமானார். 1994 ஆகஸ்டில், மகன் குல்தீப் தந்தையின் கண்ணெதிரிலேயே விபத்தில் உயிரிழந்தார். ஊரில் தம்முடன் தங்கி நிலத்தைப் பார்த்துக்கொண்ட மகன் அவர். முதுமையில் தமக்குக் கொள்ளி வைக்க வேண்டியவனுக்குத் தாமே ஈமக்கடன் செய்ய நேர்வதைவிடப் பெரிய துன்பம் பெற்றோருக்கு வேறில்லை என்று நம்மிடையே சொல்வதுண்டு. ஃபௌஜா சிங் அதன்பின் நெடுங்காலம் யாருடனும் ஒட்டாமல், வாழ்வில் பிடிப்பற்று இருந்தார். அவரை இனியும் தனியே விட்டுவைக்கலாகாது என்று கருதிய குடும்பத்தினர், கிழக்கு லண்டனை ஒட்டிய இல்ஃபர்டில் வசித்த மற்றொரு மகனிடம் அவரை அனுப்பிவைத்தனர்.

மொழி தெரியாத ஊர், குளிர், உழுவதற்கு நிலமில்லை. பகல் முழுவதும் நான்கு சுவர்களுக்குள் அடைந்து கிடப்பது அவருக்கு ஒவ்வவில்லை. முதலில் நடந்தார். பிறகு பூங்காக்களில் மெல்ல ஓடினார். தொலைக்காட்சியில் மாரத்தான் ஓட்டத்தைக் கண்டு, தாமும் அதில் பங்கேற்க வேண்டும் என்று விரும்பினார். அப்போது அவருக்கு வயது 89.

பயிற்சியாளர் ஹர்மந்தர் சிங்கிடம் முதல் நாள் அவர் கோட்டும் சூட்டும் அணிந்து வந்து நின்ற செய்தியைப் பலரும் எழுதியுள்ளனர். மாரத்தான் என்பது 26 கிலோமீட்டர் என அவர் எண்ணியிருந்தாராம். அது 26 மைல், அதாவது 42 கிலோமீட்டருக்குச் சற்று மேல், என்பது பின்னரே தெரியவந்தது. தெரிந்தபின்னும் பின்வாங்கவில்லை, பயிற்சியை மேலும் கடுமையாக்கிக்கொண்டார். 2000ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானை 6 மணி 54 நிமிடத்தில் நிறைவு செய்தார். குறைமாதத்தில் பிறக்கும் சிசுக்களுக்கு உதவும் அறக்கட்டளை ஒன்றுக்காக அன்று அவர் ஓடினார். பிரசவத்தை ஒட்டி மகளைப் பறிகொடுத்த ஒருவர் அத்தகைய பணிக்காக ஓடியதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 92ஆம் வயதில், கனடாவின் டொரொண்டோ மாரத்தானை அவர் 5 மணி 40 நிமிடத்தில் ஓடி முடித்தார். வயது ஏற ஏற நேரம் குறைந்தது! 2004இல் புகழ்பெற்ற விளையாட்டுக் காலணி நிறுவனமான அடிடாஸின் விளம்பரங்களில் அவருடைய வெண்தாடியும் தலைப்பாகையும் இடம்பெற்றன. ஓட்டத்தால் கிடைத்த பணத்தை அறப்பணிகளுக்கே வழங்கினார்.

உணவில் அவர் கடைப்பிடித்த ஒழுங்கு நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பழக்கமானதே: ரொட்டி, பருப்பு, கீரை, தயிர், பால், இஞ்சி கலந்த தேநீர். எண்ணெயில் பொரித்தவற்றைத் தொடுவதில்லை. சோற்றையும் தவிர்த்துவிடுவார் என்பது மட்டும் நமக்குச் சற்றுக் கடினமாகத் தோன்றலாம். நெடுந்தூர ஓட்டத்தில் முதல் இருபது மைல்கள் துன்பமாக இருப்பதில்லை என்றும், எஞ்சிய ஆறு மைல்களை இறைவனுடன் பேசிக்கொண்டே ஓடுவதாகவும் அவர் கூறுவதுண்டு.

2011 அக்டோபரில் அவர் மீண்டும் டொரொண்டோ சென்றார். மாரத்தானுக்குச் சில நாள்களுக்கு முன், ஒரே நாளில் 100 மீட்டர் முதல் 5,000 மீட்டர் வரை எட்டு ஓட்டங்கள் ஓடினார். 100 மீட்டரை அவர் கடந்தது 23.14 விநாடியில். அக்டோபர் 16 அன்று முழு மாரத்தானையும் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு நிறைவு செய்தார். அவர் எல்லைக்கோட்டை நெருங்கியபோது, பாதையோரத் தடுப்புகளைப் பணியாளர்கள் அகற்றத் தொடங்கியிருந்தனர். அவருக்குப் பின்னாலும் சிலர் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அச்சாதனையை கின்னஸ் நிறுவனம் ஏற்கவில்லை. காரணம், பிறப்புச் சான்றிதழ் இல்லை. 1911 ஏப்ரல் 1 என்று பிறந்த தேதியைக் காட்டும் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு அவரிடம் இருந்தது. நூறாவது பிறந்தநாளுக்கு இங்கிலாந்து அரசி அனுப்பிய வாழ்த்து மடலும் இருந்தது. பிறந்த ஆண்டிலேயே எழுதப்பட்ட ஆவணம் வேண்டும் என்றது கின்னஸ். நம் நாட்டில் பிறப்பைப் பதிவு செய்வதை எங்கும் கட்டாயமாக்கிய சட்டம் 1969இல்தான் இயற்றப்பட்டது. வங்கிக் கிளைகளில் வயதுச் சான்றுக்காக அலைந்த முதியவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கலைத் தனியே விளக்க வேண்டியதில்லை. பிறந்த ஆண்டைக் கேட்டால், பஞ்சத்தையோ வெள்ளத்தையோ அடையாளமாகச் சொன்ன தலைமுறை அது. கின்னஸ் தன் விதிப்படி நடந்துகொண்டது. அதைக் குறை கூறுவதற்கில்லை. வயதைப் பற்றி எவர் ஐயுற்றாலும், லண்டனிலும் டொரொண்டோவிலும் பதிவான நேரக்கணக்கு ஐயத்துக்கு இடமற்றது. ஃபௌஜா சிங்கோ மறுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் ஓட்டத்தைத் தொடர்ந்தார்.

2012இல் லண்டன் ஒலிம்பிக் சுடரை ஏந்திச் சென்றார். 2013 பிப்ரவரியில் ஹாங்காங்கில் நடைபெற்ற 10 கிலோமீட்டர் ஓட்டமே அவர் கலந்துகொண்ட கடைசிப் போட்டி. அதனை 1 மணி 32 நிமிடம் 28 விநாடியில் முடித்து, பந்தயங்களிலிருந்து விடைபெற்றார். விளையாட்டுக்கும் அறப்பணிக்கும் ஆற்றிய தொண்டுக்காக 2015இல் பிரிட்டிஷ் அரசு அவருக்குப் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது.

இறுதிக் காலத்தில் சொந்த ஊரான பியாஸ் பிண்டுக்கே திரும்பியிருந்தார். நடைப்பழக்கத்தை அப்போதும் விடவில்லை. 2024 டிசம்பரில், போதைப்பொருளுக்கு எதிராகப் பஞ்சாப் ஆளுநர் மேற்கொண்ட நடைப்பயணத்திலும் கலந்துகொண்டார். 2025 ஜூலை 14 அன்று பிற்பகல், வழக்கம்போல் நடக்கச் சென்றவர் ஊரருகே நெடுஞ்சாலையைக் கடக்கும்போது விரைந்து வந்த வாகனம் மோதியது. ஜலந்தர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர், அன்று மாலையே உயிர் துறந்தார்.

வெளிநாடுகளில் இருந்த உறவினர்கள் வந்துசேரும்வரை குடும்பத்தினர் காத்திருந்தனர். ஆறு நாள்களுக்குப் பின், ஜூலை 20 அன்று, பியாஸ் பிண்டில் அவருடைய உடலுக்கு அரசு மரியாதையுடன் எரியூட்டப்பட்டது.