ஒட்டிய சின்னமும் ஒட்டாத பெருமையும்

மோட்டார் வண்டியில் ஒரு சின்னத்தை ஒட்டுவதற்கு அரை நிமிஷம் போதும். பின்பக்கத்துக் காகிதத்தை உரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் காரியம் முடிந்தது. அதே சின்னத்தை எடுப்பதென்றால் அரை நாள் ஆகிறது. எடுத்த பிறகும் பசை போவதில்லை. பசை போன பிறகும் அடையாளம் போவதில்லை. உலகத்தில் வேறு பல சம்பந்தங்களும் இப்படித்தான் என்று நேயர்கள் சொல்லக் கூடும். அவற்றுக்கெல்லாம் நம்மிடம் மருந்து கிடையாது. வண்டியில் ஒட்டிய பசைக்கு மட்டும் உண்டு.

சமவெளியில் வசிப்போருக்கு இது வெறும் அழகு சம்பந்தமான விஷயமாகத் தோன்றலாம். வால்பாறை வாசிகளுக்கு அப்படியல்ல. பொள்ளாச்சியிலிருந்து ஏறக்குறைய 64 கிலோமீட்டர் தூரத்தில், ஆழியாறு அணையைத் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்த பின், சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது அவ்வூர். ஆனி பிறந்துவிட்டால் அங்கே மழைக்கு ஓய்வே கிடையாது. அருகிலுள்ள சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மழை இல்லாத வேளையில் மூடுபனி வந்து அந்தக் குறையைத் தீர்த்து வைக்கும்.

ஈரம் இரும்புக்கு ஜன்மச் சத்துரு. இரண்டுக்கும் நடுவில் நின்று காவல் காப்பது வர்ணப் பூச்சு ஒன்றுதான். தொழிற்சாலையில் பூசிய வர்ணம் எத்தனை கனம் இருக்கும் என்கிறீர்கள்? எல்லா அடுக்குகளும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரையில்தான். அதாவது இரண்டு தலைமயிர்களை அடுக்கி வைத்த கனம். மேலே பளபளவென்று இருக்கும் நிறமற்ற பூச்சு அதில் ஒரு பகுதிதான். இத்தனை மெல்லிய கவசத்தின் மேல் பேனாக்கத்தியை வைத்துச் சின்னத்தைச் சுரண்டுகிறவர், சின்னத்தோடு கவசத்தையும் சுரண்டிவிடுகிறார். வால்பாறையில் ஒரு மழைக்காலம் போனால் அந்தக் கீறல் துருவாகும். அடுத்த மழைக்காலத்தில் துரு ஓட்டையாகும். எஸ்டேட்டுப் பாதைகளில் ஜீப் ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்த வண்டிதான் அடுப்பில் ஏறும் அரிசி. அதன் கதவு துருப்பிடிப்பது சாமானிய நஷ்டமல்ல.

அப்படியானால் சின்னத்தை எடுக்காமலே விட்டுவிட்டால் என்ன? அங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. பழைய வண்டி கை மாறும்போது பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறுகிறது. முந்தின சொந்தக்காரர் ஒட்டிய உத்தியோகச் சின்னம் மட்டும் மாறாமல் நிற்கிறது. வாங்கியவர் தமக்கில்லாத பதவியைத் தம் வண்டியில் சுமந்துகொண்டு திரிகிறார். 2017 மே 1 முதல், மந்திரிகளின் கார்கள் உள்பட, பிரமுகர்களின் வாகனங்களில் சுழன்ற சிவப்பு விளக்குகள் எடுக்கப்பட்டன. விளக்கு போயிற்று; ஒட்டுச் சீட்டு போகவில்லை. தனியார் வண்டிகளில் பத்திரிகை, போலீஸ், வக்கீல், தலைமைச் செயலகம் என்றெல்லாம் ஒட்டிக்கொள்வதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் 2024 மே 2 முதல் அபராதம் என்று சென்னைப் போக்குவரத்துப் போலீஸார் அறிவித்தது பலருக்கு ஞாபகமிருக்கும்.

இன்னும் மூன்று சின்னங்களைப் பற்றி ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும். அசோக ஸ்தம்பத்துச் சிங்க முத்திரை நம் தேசத்தின் சொத்து. தனி மனிதர் அதைத் தம் வண்டியில் பதித்துக்கொள்வதை 2005-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. மோட்டார் காரில் தேசியக் கொடியைப் பறக்கவிடும் உரிமை ஜனாதிபதி, கவர்னர்கள், மந்திரிகள் முதலிய குறிப்பிட்ட சிலருக்கே உரியது என்று 2002-ஆம் வருஷத்துக் கொடி விதிகள் கூறுகின்றன. வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை 1864-ஆம் வருஷத்து ஜெனீவா உடன்படிக்கையில், போர்க்களத்தில் காயமுற்றோரைக் காப்பதற்காக ஏற்பட்ட அடையாளம். வைத்தியர்கள் பலர் நல்லெண்ணத்துடனேயே அதை ஒட்டிக்கொள்கிறார்கள். ஆயினும் அனுமதியின்றி அதை உபயோகிப்பதை நம் நாட்டின் 1960-ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்திருக்கிறது.

இனி எடுக்கும் விதத்துக்கு வருவோம். ஒட்டுகிற நாடாவுக்கும் மோட்டார் வர்ணத்துக்கும் உள்ள பகை புதிதல்ல. 1920-களில் அமெரிக்காவில் இரட்டை வர்ணக் கார்கள் நாகரிகமாயின. ஒரு வர்ணத்தின் எல்லையை மறைக்க ஒட்டிய காகிதத்தை உரிக்கும்போது வர்ணமும் கூடவே பெயர்ந்து வந்தது. பெயிண்டர்கள் திட்டித் தீர்த்ததைக் கேட்ட ரிச்சர்டு டுரூ என்னும் இளைஞர், சுலபமாக உரியும் நாடாவை 1925-இல் செய்து கொடுத்தார். ஆகவே, வர்ணத்தைப் பெயர்க்காமல் உரிப்பது எப்படி என்ற கேள்விக்கு நூறு வயது ஆகிவிட்டது.

முதல் விதி: கழுவாமல் தொடாதீர்கள். மலைப்பாதைப் புழுதியில் மணல் இருக்கிறது. அதன் மேல் துணியைத் தேய்த்தால் உப்புத்தாளைத் தேய்த்த மாதிரிதான். சோப்பு நீரால் கழுவித் துடைத்த பிறகு, சின்னம் பசையால் மட்டும் நிற்கிறதா, பின்னால் ஆணியும் இருக்கிறதா என்று கதவின் உட்புறத்தைப் பாருங்கள். ஆணி இருந்தால் அதை எடுத்தபின் துவாரம் இருக்கும். பட்டறைக்குப் போவதே உத்தமம்.

இரண்டாவது விதி: சூடு. குளிரில் பசை கல்லாக இறுகும். சூட்டில் தேனாக இளகும். வால்பாறைக் காலைப் பொழுதில் இந்த வேலையைத் தொடங்குவது வீண். ஹேர் டிரையரின் சூட்டை ஓரிரு நிமிஷம் காட்டலாம். இல்லையேல் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைச் சின்னத்தின் மேல் இரண்டு மூன்று முறை போடலாம். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் வேண்டாம். குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீரை ஊற்றினால் கண்ணாடி விரிந்துவிடும்.

காகிதம் அல்லது பிளாஸ்டிக் ஒட்டுச் சீட்டானால், ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, வெளியே இழுக்காமல், தன் மேலேயே மடங்கும்படி மெதுவாக உரிக்க வேண்டும். எழும்பி நிற்கும் எழுத்துச் சின்னமானால், தூண்டில் நரம்பை இரு கைகளிலும் பிடித்து, சின்னத்துக்கும் கதவுக்கும் இடையே ரம்பம்போல் முன்னும் பின்னும் இழுத்து அறுக்க வேண்டும். கத்தி, பிளேடு, ஸ்குரூ டிரைவர் எதுவும் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்று போதும்.

மூன்றாவது விதி: எண்ணெய். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு மண்ணில் புரண்டாலும் ஒட்டுகிறதுதான் ஒட்டும் என்பது நம் பழமொழி. பசை விஷயத்தில் அது தலைகீழ். எண்ணெய் பட்டால் ஒட்டியதும் விட்டுவிடும். மலைக் கடைகளில் கிடைக்கும் யூகலிப்டஸ் தைலம் இதற்கு மிகவும் ஏற்றது. தைலத்தைத் துணியில் நனைத்து ஐந்து நிமிஷம் பசையின் மேல் வைத்துப் பெருவிரலால் உருட்டினால், பசை திரிதிரியாக வந்துவிடும். முதலில் கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் பரீட்சித்துப் பாருங்கள். விளக்கின் பிளாஸ்டிக் மூடியில் படவிடாதீர்கள். தைலம் தீப்பிடிக்கும் பொருள். ஆகையால் சூடு காட்டும் வேலையை முடித்து, கருவியை அப்பால் வைத்த பிறகே புட்டியைத் திறக்க வேண்டும். பெட்ரோலும் தின்னரும் கூடவே கூடாது. பட்டறையில் மறுபடி வர்ணம் அடித்த வண்டியானால் தின்னர் பசையோடு வர்ணத்தையும் கரைத்துவிடும். அத்தகைய வண்டியில் உரிப்பதையும் இரட்டைப் பொறுமையுடன் செய்ய வேண்டும். கடைசியில் சோப்பு நீரால் கழுவி, வாக்ஸ் பாலிஷ் தடவினால் மழைக்குக் கவசம் திரும்பவும் கிடைத்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சின்னம் இருந்த இடத்தில் அதன் நிழல்போல் ஓர் உருவம் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. அது பசையல்ல. சுற்றிலும் உள்ள வர்ணம் வெயிலில் மங்கியிருக்கிறது, மறைந்திருந்த வர்ணம் புதிதாக இருக்கிறது, அவ்வளவே. லேசாகப் பாலிஷ் செய்தால் வித்தியாசம் குறையும். மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும்.

குறுகிய மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விடுவது நெடுநாளைய மரியாதை. ஏறுவது தோட்டத் தொழிலாளர் நிறைந்த பஸ்ஸா, பெரிய மனிதரின் காரா என்று அந்த மரியாதை கேட்பதில்லை. எந்தச் சின்னத்தைக் கண்டும் வளைவு ஓர் அங்குலம்கூட அகலமாவதுமில்லை. குடியரசு நாட்டில் சாலை எல்லோருக்கும் பொது என்பதை ஆழியாறுக்கு மேலுள்ள நாற்பது வளைவுகளும் நாள்தோறும் போதித்து வருகின்றன. அந்தப் பாடத்தை ஏற்க மனமுள்ளவர்களுக்கு ஒரு கெட்டில் வெந்நீர், ஒரு முழம் தூண்டில் நரம்பு, ஒரு சிறு புட்டி தைலம், அரை நாள் பொறுமை, இவ்வளவும் போதும்.