இந்த வெப்சைட்டின் ஓனர் யார்? பதிவேடு பதில் சொல்லாதது ஏன்?

பாதி விலையில் மொபைல் என்று விளம்பரம். பணம் கட்டியாச்சு, பொருள் வரவில்லை. ‘இந்த சைட்டை நடத்துறது யாரு?’ என்று டொமைன் பதிவேட்டில் தேடினால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தனியுரிமைக்காக மறைக்கப்பட்டுள்ளது’ என்ற வரிதான் பெரும்பாலும் இருக்கும்.

‘ஹூ இஸ்’ என்றால் என்ன?

டொமைன் வாங்குபவர் தன் பெயர், முகவரி, போன் நம்பர், இமெயில் ஆகியவற்றைப் பதிவு நிறுவனத்திடம் தர வேண்டும். அவற்றை எல்லோருக்கும் காட்டிய வசதிதான் ‘ஹூ இஸ்’. இதற்கான விதிமுறை 1982-ல், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் காலத்தில் எழுதப்பட்டது. அப்போது பயனர்கள் குறைவு; கோளாறு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் மறைத்தார்கள்?

தனிநபர்களும் டொமைன் வாங்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. வாங்கிய மறுநாளே ‘வெப்சைட் டிசைன் பண்ணித் தரட்டுமா சார்?’ என்று போன் வரும். அதிகாரத்தை விமர்சித்து எழுதுபவரின் வீட்டு முகவரியும் எல்லோர் கண்ணிலும் பட்டது.

2018 மே 25-ல் ஐரோப்பிய யூனியனின் ஜிடிபிஆர் சட்டம் அமலானது. மீறினால் 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம். டொமைன் அமைப்பை நிர்வகிக்கும் ‘ஐகேன்’, அதற்கு 8 நாள் முன்பு விவரங்களை மறைக்கும் தற்காலிக விதியைக் கொண்டுவந்தது. பல நிறுவனங்கள் அதை உலகம் முழுக்கவே பின்பற்றின.

யாருக்கு நஷ்டம்?

போலி வங்கித் தளங்களைத் துரத்தும் ஆய்வாளர்களுக்கு. மோசடிக்காரர் தரும் பெயர் பொய்யாக இருக்கலாம். ஆனால் ஒரே இமெயிலில் அவர் வாங்கிய மற்ற டொமைன்களையும் பிடிக்க முடிந்தது. அந்த நூல் அறுந்துவிட்டது.

இப்போது என்ன வழி?

காரணம் சொல்லி விவரம் கேட்கும் சேவையை ஐகேன் 2023 நவம்பரில் தொடங்கியது. ஆனால் அதில் சேர்வது பதிவு நிறுவனங்களின் விருப்பம்; விவரம் தருவதா என்பதும் அவற்றின் முடிவே. ஐரோப்பாவின் ‘என்ஐஎஸ் 2’ சட்டமோ, 72 மணி நேரத்துக்குள் பதில் தரச் சொல்கிறது. ஆக, ‘திறப்பதா, மூடுவதா’ என்பதல்ல இன்றைய சண்டை. யார் கேட்டால், எதற்காக, எவ்வளவு சீக்கிரம் தருவது என்பதுதான்.

நீங்கள் என்ன பார்க்கலாம்?

டொமைன் பதிவான தேதி இன்னும் பொதுவில்தான் இருக்கிறது. ‘20 ஆண்டு நம்பிக்கை’ என்று சொல்லும் கடையின் டொமைன் போன வாரம் வாங்கியதா? பணம் கட்டாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு போன் பண்ணுங்கள்.