மாக்பைக்கு எள் தீபம்

சென்ற புரட்டாசியில், எங்களோடு ஆறு மாதம் தங்கிப் போகலாமென்று ஊரிலிருந்து சிட்னிக்கு வந்திருந்த என் தாயார், ஹார்ன்ஸ்பியில் எங்கள் தெருக்கோடியிலுள்ள யூகலிப்டஸ் மரத்தடியில் காலைவேளையில் நிம்மதியாக நடந்துகொண்டிருக்கையில், பின்புறமாக ஓசையின்றிப் பாய்ந்து வந்த கறுப்பும் வெள்ளையுமான பறவையொன்று அவருடைய உச்சந்தலையில் ஓங்கித் தட்டிவிட்டுப் போயிற்று. வீடு திரும்பியவர் கூந்தலை அவிழ்த்துக் காட்டினார். கீறல் அற்பமானதுதான், ரத்தம் ஒரு சொட்டுக்கு மேல் இல்லை. ஆனால் அவருடைய மனக்கிலேசம் காயத்தைப் பற்றியதன்று. “காக்கா தலையில தட்டினாலே சனி தோஷம்னு எள் தீபம் போடுவோம், இது என்ன பட்சியோ, இதுக்கு என்ன பரிகாரமோ?” என்றார். அந்தச் சனிக்கிழமையே அவரை ஹெலன்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயிலுக்கு அழைத்துப்போனேன். போகிற வழியெல்லாம் அந்தப் பட்சியின் ஜாதகத்தைச் சொல்லிக்கொண்டே காரை ஓட்டினேன்.

அதன் பெயர் மாக்பை. நம்மூர்க் கரிச்சான், கூட்டுக்கருகே பருந்தே வந்தாலும் விடாமல் துரத்துமல்லவா, அதே சுபாவம் இதற்கும் உண்டு. இங்கே வசந்தமென்பது செப்டம்பரில் தொடங்குவது. கூட்டில் குஞ்சு இருக்கும் சில வாரங்களுக்கு மட்டும் ஆண் பறவை காவல் பூணுகிறது. அதிலும் ஆண்களுள் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் மனிதர்மேல் பாய்வது. மற்றவை நம்மை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பாயும் பறவையோ ஆள் முகத்தை அடையாளம் கண்டுகொண்டு, தனக்கு ஆகாதவரை வருஷக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும். தபால்காரர்களும் சைக்கிள்காரர்களும் இந்த வன்மத்துக்கு விசேஷமாக இலக்காகிறவர்கள்; ஆகையால் இங்கே சைக்கிளில் போகிறவர்கள் தலைக்கவசத்தில் பிளாஸ்டிக் கேபிள் டைகளைச் செருகிக்கொண்டு முள்ளம்பன்றிகளைப்போல் காட்சியளிக்கிறார்கள். நகராட்சியார் மரத்தடியில் எச்சரிக்கைப் பலகை நடுவார்களேயன்றி, சாதாரணமாகப் பறவையின்மேல் கை வைக்க மாட்டார்கள். அது சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற பிரஜை. “நான் அதுக்கு என்ன பண்ணினேன்?” என்ற அம்மாவின் கேள்விக்கு மட்டும் என்னால் விடை சொல்ல இயலவில்லை.

ஆஸ்திரேலியா என்றவுடன் ஊரில் எல்லோரும் விசாரிப்பது மாக்பையையன்று. பாம்பையும் சிலந்தியையும் முதலையையுமே. உலகத்துப் பாம்புகளிலெல்லாம் கொடிய விஷமுடையதென்று சொல்லப்படும் உள்நாட்டுத் தைப்பான் மனிதவாசனையற்ற வறண்ட பிரதேசத்தில் ஒதுங்கி வாழ்கிறது. பாம்புக்கடியால் இக்கண்டம் முழுவதிலும் ஆண்டொன்றுக்கு இறப்பவர் இரண்டு மூன்று பேர்தாம்; குதிரையாலும் மாட்டாலும் உயிரிழப்பவர் அதைவிட அதிகம். நம் தேசத்திலோ பாம்புக்கடியால் ஆண்டுதோறும் ஏறக்குறைய 58,000 பேர் இறப்பதாக ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகின்றனர். இந்தப் பேதத்துக்குக் காரணம் விஷத்தின் வீரியமன்று. வெறுங்காலோடு வயலில் இறங்க வேண்டிய நிர்ப்பந்தமும் ஆஸ்பத்திரியின் தூரமுமே.

நான் சிறுவனாயிருந்தபோது, பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கயிற்றை இறுக்கிக் கட்டிப் பிளேடால் கீறிவிடுவதையே வைத்தியமென்று நம்பினோம். இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படும் முறை இதற்கு நேர்மாறானது: கீறலாகாது, கழுவவும் ஆகாது, அகலமான மீள்துணிக் கட்டைக் கடிவாயின்மேல் தொடங்கி அவயவம் முழுதும் இறுகச் சுற்றி, சிம்பு வைத்து, ஆளை அசையவிடாமல் படுக்கவைத்து, மூன்று பூஜ்யங்களைச் சுழற்றி ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கழுவாமலிருப்பதற்கும் ஒரு காரணமுண்டு. தோலில் ஒட்டிய விஷம், எந்தப் பாம்பென்று ஆஸ்பத்திரியில் கண்டறிய உதவக்கூடும்.

இம்முறையை வகுத்தவர் மெல்போர்ன் நகரத்து டாக்டர் ஸ்ட்ரூவான் சதர்லாந்து. சிட்னியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழ்கிற புனல்வலைச் சிலந்திக்கு மாற்று மருந்து கண்டவரும் அவரே. 1927க்கும் 1981க்கும் இடையே அந்தச் சிலந்தியால் இறந்தவர்களாகப் பதிவானோர் 13 பேர். 1981இல் மருந்து வழக்கத்துக்கு வந்தபின் ஒருவருமில்லை. நாயையும் பூனையையும் முயலையும் அதிகம் வருத்தாத அந்த விஷம், குரங்கினத்தையும் மனிதனையும் மட்டும் வாட்டுவது சிருஷ்டியின் விசித்திரங்களில் ஒன்று. முயலின் உடலில் அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, ரத்தத்தில் ஊறும் எதிர்ப்புச் சத்தையே மருந்தாக்குகிறார்கள்.

விஷத்துக்கு முதலில் சிலந்தி வேண்டுமே; அதைப் பிடித்துக்கொடுப்பவர் ஊர் ஜனங்கள்தாம். இரண்டு வருஷத்துக்கு முன் பிப்ரவரி மழையின்போது, துணி துவைக்கும் அறையில் தரையில் கிடந்த ஈரத்துண்டை நான் எடுக்கப்போனபோது, அதனடியிலிருந்து மையிட்டாற்போல் மினுங்கும் கரிய சிலந்தியொன்று முன்கால்களை உயரத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது. பற்களின் நுனியில் ஒரு துளி நீர் தெளிவாகத் தெரிந்தது. நான் அலறியதைக் கேட்டு வந்த பக்கத்து வீட்டு மூதாட்டி, ஒரு வார்த்தையும் பேசாமல் ஜாம் புட்டியைக் கவிழ்த்து மூடி, அடியில் அட்டையைச் செருகி நிமிர்த்து, கொஞ்சம் ஈரமண்ணைப் போட்டுத் துளையிட்ட மூடியால் மூடினார். வழவழப்பான கண்ணாடியில் இச்சிலந்தி ஏறமாட்டாது. “ஆண்தான், அவர்களுக்கு இது வேண்டும்” என்று சொல்லி, சிட்னிக்கு வடக்கே சோமர்ஸ்பியிலுள்ள ஆஸ்திரேலிய ஊர்வன பூங்காவுக்குச் சேர்ப்பிக்க எடுத்துப்போனார். ஆண் சிலந்தியின் விஷமே உக்கிரமானது. பூங்காவில் அதைக் கறந்து மருந்தாலைக்கு அனுப்புகிறார்கள்.

தைப்பான் மருந்துக்குப் பின்னாலிருப்பது இதைவிடத் துயரமான கதை. 1950இல் கெவின் படன் என்ற இருபது வயது இளைஞன் கெய்ன்ஸ் நகரருகே உயிருள்ள கடலோரத் தைப்பானொன்றைக் கைகளாலேயே பிடித்து, சாக்கில் போடும்போது கடிபட்டான். பாம்பைக் கொல்லாமல் ஆராய்ச்சிக்கு அனுப்ப வேண்டுமென்று வற்புறுத்திவிட்டு மறுநாள் இறந்துபோனான். மருந்து 1955இல் வந்தது.

உயிரை வாங்கும் ஜந்துக்களின் பாடு இவ்வளவுதான். உயிரை எடுக்கிற ஜந்துக்களோ வேறு. கூரைக்குள் இரவெல்லாம் குதித்தோடும் பாஸம் என்னும் சிறு பிராணியைப் பிடிக்க உரிமம் பெற்ற ஆளை அழைத்தால், அவர் அதைப் பிடித்த இடத்திலிருந்து 150 மீட்டருக்குள்ளேயே திரும்ப விட்டாக வேண்டுமென்பது எங்கள் மாநிலத்துச் சட்டம். மஞ்சள் கொண்டைக் கிளிகள் குப்பைத்தொட்டியின் மூடியைத் திறக்கக் கற்றுக்கொண்டு, 2018க்கு முன் மூன்று பேட்டைகளில் இருந்த அந்த வித்தையை 2019 முடிவதற்குள் 44 பேட்டைகளுக்குப் பரப்பியதை விஞ்ஞானிகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நாங்கள் மூடிமேல் செங்கல் வைத்தோம். கிளி அதைத் தள்ளிவிட்டது. இப்போது மூடியின் கீலருகே பழைய செருப்பைச் செருகியிருக்கிறோம். அதன் வார் போன வாரமே கிழிந்தாயிற்று.

பிள்ளைகளைப் பார்க்க இவ்வூருக்கு வரும் பெற்றோர் முதலைக்கும் பாம்புக்கும் பயந்து மனத்தை வாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. வாசலில் கழற்றிவைத்த செருப்பைத் தட்டிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். செப்டம்பரில் வருவதானால் ஒரு குடையும் கொண்டுவாருங்கள்.