வெளிச்சத்தைத் தாளிப்பது எப்படி?

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்து நேஷனல் கேலரியில், கரவாஜியோ 1601-ல் தீட்டிய ‘எம்மாவுவில் இரவுணவு’ இருக்கிறது. உயிர்த்தெழுந்த இயேசுவை இன்னாரென்று அறியாமல் வழித்துணையாக அழைத்துவந்த இரண்டு சீடர்கள், விடுதி மேசையில் அவர் அப்பத்தை ஆசீர்வதிக்கும்போது அவரை அடையாளம் காண்கிறார்கள். ஒருவர் நாற்காலியை விட்டுத் துள்ளப் பார்க்கிறார், மற்றவர் இரு கைகளையும் அகல விரிக்கிறார்.

இந்தப் படம் இயங்கும் விதத்தைச் சாம்பார் வைத்தே சொல்லிவிடலாம். வெந்த பருப்புதான் கரவாஜியோ முதலில் பூசும் இருண்ட அடிப்பூச்சு. புளி, நிழல். அது இல்லாவிட்டால் முகங்கள் சப்பென்று தட்டையாகிவிடும். மேலே கொட்டும் தாளிப்பு, வெளிச்சம். அதை அவர் எல்லாப் பக்கமும் கொட்டுவதில்லை. இடது மேல்மூலையிலிருந்து மட்டும் வருகிறது; இயேசுவின் முகம், வெள்ளை மேசைவிரிப்பு, அப்பம், விரிந்த கை என்று தேவையான இடங்களில் விழுகிறது. பெருங்காயம், குறியீடு. துளி போதும்.

நாம் பெரும்பாலும் பெருங்காயத்தைத்தான் முதலில் தேடுகிறோம். அங்கேதான் படம் நம்மிடமிருந்து நழுவுகிறது.

விடுதிக்காரரைப் பாருங்கள். தலையில் தொப்பியோடு, என்ன நடக்கிறதென்று புரியாமல் நிற்கிறார். வெளிச்சத்தை அவர் மறிப்பதால் அவருடைய நிழல் இயேசுவின் தலைக்குப் பின்னால் சுவரில் விழுகிறது. தங்க வளையம் எதுவும் வரையாமலே இயேசுவுக்கு ஒரு கரிய ஒளிவட்டம் கிடைத்துவிடுகிறது, அதுவும் எதையும் உணராத மனிதரின் நிழலால்! இந்தக் குறியீட்டை நான் முழுமையாக நம்புகிறேன். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதே அதற்குச் சாட்சி.

மேசை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பழக்கூடையின் நிழலில் மீன் வால் தெரிவதாகப் பலர் சொல்வார்கள். மீன், ஆதிக் கிறிஸ்தவர்களின் அடையாளம். இருக்கலாம். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துவது, இப்போதே விழுந்துவிடும் போலிருக்கும் அந்தக் கூடைதான். பதறி அதைப் பிடிக்கக் கை நீட்டத் தோன்றும்போதே நாமும் அந்த மேசையருகே வந்துவிடுகிறோம்.

1606-ல் இதே காட்சியைக் கரவாஜியோ மறுபடி தீட்டினார். மிலானின் பிரேரா அருங்காட்சியகத்தில் உள்ள அந்தப் படத்தில் பழக்கூடையே இல்லை, இருளும் கூடுதல். ஆனாலும் படம் நிற்கிறது.

நேஷனல் கேலரியின் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணமில்லை. போனால், பக்கத்திலுள்ள விளக்கக் குறிப்பைப் படிக்கும் முன் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பாருங்கள்.