பிள்ளை கையில் போன் – பள்ளிக்கூடத்திலும் லயத்திலும்

"டீச்சர், போன புடுங்கி வச்சா படிக்க மாட்டேங்குறான். குடுத்தா படிப்ப விட்டுட்டு வேற என்னத்தையோ பாக்குறான். நான் மலைக்குப் போற ஆளு. பின்னாலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

ஒரு தோட்டப் பாடசாலையின் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து இப்படிக் கேட்டார். கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆசிரியைக்கும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தத் தாயின் கேள்வியை வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

நமது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தோட்டப் பள்ளிக்கூடம் என்றால் ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். 1977க்குப் பிறகு அரசாங்கம் கட்டங்கட்டமாகத் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. கட்டடம் வந்தது, ஆசிரியர்கள் வந்தார்கள். ஆனாலும் கரும்பலகையும் கொப்பியும்தான் படிப்பு என்பது நீண்ட காலம் மாறவில்லை. 2020 மார்ச் மாதம் கொரோனா நோயினால் நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டதும் ஒரே நாளில் எல்லாம் மாறியது. பாடம் வட்ஸ்அப்பில் வந்தது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே போன். சிக்னல் தேடி பிள்ளைகள் மேட்டுக்கும் பாறைக்கும் ஏறினார்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோதும் பாடசாலைகளை மூட வேண்டி வந்தது, திரும்பவும் போனிலேயே பாடம். பிறகு பாடசாலை திறந்தாலும் போன் பிள்ளையின் கையை விட்டுப் போகவில்லை. வீட்டுவேலை இன்றைக்கும் பல இடங்களில் வட்ஸ்அப் குறூப்பில்தான் வருகிறது.

ஆகவே "சின்னப் பிள்ளைக்கு போன் எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டிருப்பதில் இனிப் பிரயோசனம் இல்லை. எதற்குக் கொடுக்கிறோம், எப்படிக் கொடுக்கிறோம் என்றுதான் பார்க்க வேண்டும்.

நல்ல வேலைக்கு எடுத்தால்

ஒரு ஆசிரியை தரம் 3இல் சுற்றாடல்சார் செயற்பாடுகள் பாடம் எடுக்கிறார். வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். இருப்பதோ ஒரே ஒரு டெப். அவர் பிள்ளைகளை நான்கு குழுக்களாகப் பிரித்தார். ஒவ்வொரு குழுவும் முறை வைத்து வெளியே போய் மூன்று இலைகளைக் கிட்ட வைத்துப் படம் பிடித்து வரவேண்டும். மற்றக் குழுக்கள் அந்த நேரத்தில் இலைகளைக் கொப்பியில் வரைய வேண்டும். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். தேயிலை இலையின் நரம்பு வலை மாதிரி ஓடுகிறது, ஓரம் வாள் பல் மாதிரி இருக்கிறது. மானாப்புல்லின் நரம்பு தண்டவாளம் மாதிரி நேராகப் போகிறது. தினமும் தேயிலைக்கு நடுவே நடந்து வரும் பிள்ளைகள்தான். "டீச்சர், இதுக்குப் பல்லு இருக்கா!" என்று அன்றைக்குத்தான் கத்தினார்கள்.

இன்னொரு ஆசிரியர், கூச்சப்பட்டு வாயே திறக்காத ஒரு பையனைத் தனியே கூப்பிட்டு, அவன் வாசிப்பதை போனில் பதிவு செய்து அவனுக்கே போட்டுக் காட்டினார். தன் குரலைக் கேட்டுச் சிரித்த பையன், "இன்னொருக்கா வாசிக்கிறேன் சேர்" என்றான். மூன்றாம் தரம் வாசிக்கும்போது எழுத்துக்கூட்டுவது பாதியாகக் குறைந்துவிட்டது. இதற்கு டேட்டா ஒரு சதத்துக்கும் தேவையில்லை.

வகுப்பு சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று நாற்பது நிமிடம் கார்ட்டூன் போட்டுவிடுவதும் சில இடங்களில் நடக்கத்தான் செய்கிறது. அதைப் பாடம் என்று சொல்ல முடியாது. பிள்ளைக்கு வாய் பேசவும் கை வேலை செய்யவும் வேண்டும். வீட்டிலும் இப்படித்தான். சோறு ஊட்டுவதற்காகக் கைக்குழந்தையின் முன்னால் போனை நிறுத்திவைக்கும் தாய்மார்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஒரு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை பார்ப்பது வேண்டவே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறது.

ஒரு தாளும் முப்பது பிரதிகளும்

இன்டர்நெட் ஆபத்து என்று பிள்ளைகளிடம் வெறுமனே சொன்னால் அவர்களுக்கு விளங்காது. பேய் கதை மாதிரிக் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். தரம் 4 ஆசிரியை ஒருவர் போனே இல்லாமல் இதை விளக்கினார்.

ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, தாளில் தன்னைப் பற்றி ஒரு இரகசியம் எழுதச் சொன்னார். "எனக்கு நாய்க்குப் பயம்" என்று அந்தப் பிள்ளை எழுதியது. ஆசிரியை தாளைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்து, "பாத்து எழுதிட்டு அடுத்த ஆளுக்குக் குடு" என்றார். தாள் வகுப்பு முழுக்கச் சுற்றி வந்தது. பிறகு முதல் பிள்ளையிடம், "இப்ப உன்னோட இரகசியத்தத் திருப்பி வாங்கிக்க" என்றார்.

பிள்ளை தன்னுடைய தாளை வாங்கியது. மற்றவர்கள் எழுதியதையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தது. எண்ணிப் பார்த்தால் இரண்டு குறைகிறது. ஒன்றை ஒரு பையன் சட்டைப் பைக்குள் வைத்திருந்தான். மற்றது கடைசி வரை கிடைக்கவில்லை.

போட்டோ அனுப்புவதும் இப்படித்தான். நமது போனில் இருந்து அனுப்பிய படம் அடுத்தவர் போனில் இன்னொரு பிரதியாகப் போய் இருக்கிறது. பிறகு "டிலீட்" பண்ணினாலும், அதற்குள் அவர் அதைச் சேமித்தாலோ ஸ்கிரீன் ஷாட் எடுத்தாலோ அந்தப் பிரதி அவரிடம்தான்.

அன்றைக்கு இடைவேளைக்கு மணி அடித்ததும் ஒரு பெண் பிள்ளை மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒன்பது வயது. "டீச்சர், நான் குடுத்ததையும் திருப்பி வாங்க ஏலாதா?" என்று கேட்டு அழத் தொடங்கியது.

நடந்தது இதுதான். அம்மா காலையில் கொழுந்துக்குப் போய்விடுவார். வீட்டுவேலைக்காகப் போன் பிள்ளையிடம் இருக்கும், வீட்டில் அம்மாயி மட்டும். ஒரு நாள் தெரியாத நம்பரில் இருந்து செய்தி வந்தது. "நான் உங்க ஸ்கூலுக்குப் புதுசா வரப்போற டீச்சர். யூனிபோர்மோட ஒரு போட்டோ அனுப்புங்க." பிள்ளை அனுப்பியது. அடுத்த நாள், "வீட்டு உடுப்போட ஒண்ணு அனுப்பு. அம்மாகிட்ட சொல்லாத" என்று வந்தது. பிள்ளை பயந்து போனைத் தொடுவதையே விட்டுவிட்டது. இரண்டு கிழமையாக வயிற்று வலி என்று சாப்பிடவில்லை. அம்மாவும் கசாயம் வைத்துக் கொடுத்தார்.

"ஏன் அம்மாகிட்ட சொல்லல?" என்று ஆசிரியை கேட்டார்.

"அடிப்பாங்க. போனையும் ஒடச்சிருவாங்க."

இந்தப் பதிலில் இருக்கும் விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். தெரியாத ஆள் பிள்ளையிடம் "அம்மாவிடம் சொல்லாதே" என்கிறான். அவன் பேச்சு எடுபடுவது எதனால்? சொன்னால் அடி விழும் என்று பிள்ளைக்கு முன்னாலேயே தெரியும் என்பதால்தான். நமது கையில் இருக்கும் பிரம்பு அவனுக்கு உதவி செய்கிறது. இதைச் சொல்வது நமக்கும் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

ஆசிரியை அந்தத் தாயைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் கையை ஓங்கிக்கொண்டுதான் வந்தார். ஆசிரியை குறுக்கே நின்று, "அம்மா, இவ வந்து சொன்னது நல்ல காரியம். இதுக்கு அடிச்சீங்கன்னா இனிமே எது நடந்தாலும் சொல்ல மாட்டா" என்றார். தாய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் வெள்ளனப் போயி அந்திக்கு வாரேன் டீச்சர், எனக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சே" என்றார்.

இருவரும் செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து வைத்தார்கள். 1929க்கு அழைத்து விபரம் சொன்னார்கள். பிறகு பொலிஸிலும் முறைப்பாடு எழுதினார்கள். கடைசியாகத்தான் அந்த நம்பரை புளொக் பண்ணினார்கள். இந்த ஒழுங்கு முக்கியம். கோபத்தில் முதலில் அழித்துவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

1929 என்பது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். இருபத்து நான்கு மணித்தியாலமும் அழைக்கலாம், காசு இல்லை, தமிழிலும் பேசலாம். பிள்ளையே அழைத்தாலும் கேட்பார்கள். பிள்ளைகளை ஆபாசமாகப் படம் பிடிப்பதும், அப்படியான படங்களை வைத்திருப்பதும், பரப்புவதும் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். அப்படி ஏதும் கண்ணில் பட்டால் "இதைப் பாருங்க அநியாயத்த" என்று நாலு பேருக்கு அனுப்பாதீர்கள். நல்ல மனதோடு அனுப்பினாலும் அதுவும் பரப்புவதுதான்.

பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

எட்டு வயதுப் பிள்ளையை டவுனுக்குத் தனியாக பஸ் ஏற்றி அனுப்புகிறோமா? இல்லை. முதலில் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறோம். எந்த பஸ், எந்த இறக்கம் என்று காட்டுகிறோம். போனிலும் அப்படித்தான். ஆரம்பத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். தெரியாத ஆளிடம் பெயர், பாடசாலை, தோட்டம், லயம் எதையும் சொல்லக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். யூனிபோர்ம் படம் ஒன்றே போதும், சின்னத்தை வைத்து பாடசாலையைக் கண்டுபிடித்துவிடலாம். "யாரிடமும் சொல்லாதே" என்று எவர் சொன்னாலும், அன்றைக்கே அம்மாவிடமோ அப்பாவிடமோ டீச்சரிடமோ சொல்ல வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பையன்கள் விளையாடும் ஃப்ரீ ஃபயர் போன்ற விளையாட்டுகளில் முகம் தெரியாத ஆட்களோடு பேச முடியும். "இலவசமா டைமண்ட் தாரேன், போனுக்கு வாற நம்பரச் சொல்லு" என்று கேட்பார்கள். அந்த நம்பர்தான் ஓ.டி.பி. வங்கிக் கணக்கோ, போனில் காசு அனுப்பும் கணக்கோ உங்கள் போனில் இருந்தால், அந்த ஒரு நம்பரால் சம்பளக் காசு போய்விடலாம். வெளிநாட்டில் வேலை செய்யும் அம்மாவோடு இமோவில் பேசும் பிள்ளைகள் பலர் நம்மிடம் இருக்கிறார்கள். அம்மாவைத் தவிர வேறு யார் கூப்பிட்டாலும் எடுக்க வேண்டாம் என்று அம்மாவே சொன்னால் பிள்ளை கேட்கும்.

வட்ஸ்அப், பேஸ்புக், டிக்டொக் மூன்றுமே பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உரியவை அல்ல என்று அந்தக் கம்பனிகளே விதி வைத்திருக்கின்றன. ஆகவே வீட்டுவேலைக் குறூப் உங்கள் பெயரில், உங்கள் போனில் இருக்கட்டும். குறூப்பில் இருக்கும் எல்லோருக்கும் உங்கள் நம்பர் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. குறூப்பில் சேரும் லிங்க் வெளியே போனால் யாரும் உள்ளே வரலாம். புதிதாக வருபவரை நீங்கள் அனுமதித்தால்தான் சேர முடியும் என்று செட்டிங்கில் மாற்றி வையுங்கள்.

பெற்றோர் வட்ஸ்அப் செட்டிங்கில் பிரைவசி என்ற இடத்துக்குப் போய், புரொபைல் படத்தையும் குறூப்பில் சேர்ப்பதையும் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றலாம். யூடியூப்பில் கட்டுப்பாட்டு முறை ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் கூடாத வீடியோக்கள் பெரும்பாலும் வராது. முழுக்க வராது என்று நம்பிவிட வேண்டாம்.

கூட்டத்தில் கேட்ட அந்தத் தாய்க்கு வருவோம். பின்னாலேயே உட்கார முடியாதுதான். போனுக்கு வீட்டில் ஒரு இடம் வையுங்கள், எல்லோரும் நடமாடும் முன் காம்பராவில். போர்வைக்குள் போன் வேண்டாம். அந்திக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது, "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்கிற மாதிரியே "இன்னைக்கு போன்ல என்ன பாத்த? எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். அப்பாமாரும் கேட்கலாம், இது அம்மாவின் வேலை மட்டும் அல்ல.

செட்டிங் மாற்றத் தெரியாதவர்கள் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது போனைச் சார்ஜ் பண்ணிக் கொண்டு வாருங்கள். வகுப்பாசிரியரிடமோ, சாதாரண தரம் படிக்கும் நம்பிக்கையான பிள்ளையிடமோ கேட்டு, உங்கள் கண் முன்னால் செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளின் படங்கள் உள்ள போனைத் திறக்கும் நம்பரோடு கடையில் விட்டுவிட்டு வர வேண்டாம்.