சூளைக் கல்லில் எழுந்த சுவர்கள்

டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், ஒரு ஊரைப் பற்றிச் சொல்கிறேன். ஜப்பானின் தெற்கே கியூஷூ தீவு. அதில் சாகா மாகாணம். அங்கே மலைகள் நெருக்கும் குறுகிய பள்ளத்தாக்கில் அரிதா. அந்த ஊரின் உச்சியாமா பகுதியை 1991-ல் ஜப்பான் அரசு மரபுக் கட்டடங்களுக்கான பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்தது. அங்கே போகிறவர்கள் பலர் கடைத்தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊர் புரிய வேண்டுமென்றால் பின்சந்துக்குள் நுழைய வேண்டும்.

16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் படைகள் கொரியாமீது பாய்ந்தன. திரும்பும்போது கொரியக் குயவர்களையும் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான யி சாம் பியோங், 1616-ல் இசுமியாமா மலையில் பீங்கானுக்கேற்ற வெள்ளைக் கல்லைக் கண்டுபிடித்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். ஜப்பானியப் பீங்கான் வளர்ந்தது அந்தக் கல்லில்தான். விறகுக்காகக் காடு அழிகிறது என்று காரணம் சொல்லி, 1637-ல் அந்தப் பகுதியை ஆண்ட நபேஷிமா குலத்தார் ஜப்பானியக் குயவர்கள் எண்ணூறுக்கும் மேற்பட்டோரை வெளியேற்றிவிட்டு, மிஞ்சிய சூளைகளை 13 இடங்களில் குவித்தார்கள். தொழில் ரகசியத்துக்குக் காவலும் போட்டார்கள்.

இப்போது சந்துக்கு வருவோம். அரிதாவின் சூளைகள் மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் அறைகள். ஒவ்வொரு முறையும் சுமார் 1300 டிகிரி வெப்பம். விறகுச் சாம்பல் உட்சுவரின் செங்கல்லில் படிந்து, உருகி, கண்ணாடிபோல் இறுகிவிடும். பல காலம் வெந்து தளர்ந்த சூளையைப் பிரிக்கும்போது அந்தக் கற்களை யாரும் வீசிவிடவில்லை. செம்மண் குழைத்து அடுக்கி, வீட்டுக்கும் பட்டறைக்கும் மதில் எழுப்பினார்கள். டொன்பாய் சுவர் என்று அதற்குப் பெயர். கிட்டே நின்று பாருங்கள்: ஒரு கல் கருஞ்சிவப்பு, பக்கத்துக் கல் பாசிப்பச்சை, இன்னொன்றின் முகத்தில் வழிந்து உறைந்த பளபளப்பு. இடையிடையே சூளைக்குள் பாத்திரங்களைத் தாங்கிய முட்டுகளும் உடைந்த ஓடுகளும். ஒரு கல்போல் இன்னொன்று இல்லை. அழகுக்காகத் திட்டமிட்டிருந்தால் இவ்வளவு அழகு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

முன்தெருவின் கதையும் நெருப்புதான். 1828-ல் பெரும்புயலோடு பரவிய தீயில் ஊர் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. மீண்டும் கட்டியபோது மரச்சட்டங்கள் வெளியே தெரியாதபடி கனமாகச் சாந்து பூசினார்கள். இன்று நிற்கும் வெள்ளைச் சுவர் கடைவீடுகள் அந்தப் பாடத்தில் எழுந்தவை. அவற்றின் நடுவே, வெளிநாட்டு வணிகர்களை உபசரிக்க 1876-ல் கட்டிய மேற்கத்திய பாணி வீடும் இருக்கிறது.

தோசான் கோயிலுக்கும் ஏறுங்கள். வாசலுக்குக் குறுக்கே ரயில் பாதை ஓடும். பார்த்துக் கடக்க வேண்டும். மேலே 1888-ல் பீங்கானிலேயே செய்த தோரணவாயில், வெள்ளையில் நீலக் கொடிகளோடு. கொரியாவுக்குப் படை நடத்திய நபேஷிமா நவோஷிகேயும், அங்கிருந்து வந்த யி சாம் பியோங்கும் அங்கே ஒரே சன்னதியில் வணங்கப்படுகிறார்கள். அந்த இடத்தில் சற்று நின்றுவிட்டுத்தான் நகர வேண்டும்.

ஏப்ரல் 29 முதல் மே 5 வரை பீங்கான் சந்தை. பாத்திரம் வாங்க ஏற்ற நாட்கள், ஆனால் தெரு நெரியும். சுவர்களைப் பார்க்க வேறொரு நாள் போங்கள்.